ஆடி மழையில் ஏலமலை: இரண்டு நாள் பயணமும் வியாபாரிக்குக் கிடைத்த பாடமும்

வணிகப் பெருமக்களுக்கு ஆடி மாதத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது. வரும் சாமான் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர் தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்த்துவிடுகிறார். துவரம்பருப்புக்கும் சீரகத்துக்கும் நாம் எங்கே தள்ளுபடி போடுவது? கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் மாதம் அது.

நம்மில் பலர் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு வார விடுமுறை தருகிறோம். நமக்கு நாமே விடுமுறை தந்து எத்தனை வருடம் ஆயிற்று? உறவினர் வீட்டு விசேஷம், துக்கம், மருத்துவமனை இவற்றைத் தவிர வேறு காரணத்துக்காகக் கடையைப் பூட்டிய நாள் நினைவில் இருக்கிறதா? இந்தக் கேள்வி நண்பர்களிடையே பேச்சாகி, ஆடி வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் வியாபாரம் முடிந்த மறுநாள், சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலைக்குப் போவது என்று முடிவாயிற்று. மதுரையிலிருந்து ஆறு பேர், போடியிலிருந்து இரண்டு பேர். எல்லோருமே மளிகைக்காரர்கள்.

எந்த மலை என்பதில் அதிக விவாதம் இல்லை. குளிர், மூடுபனி, சாரல் இவை எந்த மலையிலும் கிடைக்கும். நாம் தினமும் பத்து கிராம், இருபது கிராமாக நிறுத்துக் கொடுக்கும் ஏலக்காய் விளையும் மலை, போடியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. வருடக்கணக்காக விற்கிற சரக்கை அது விளையும் இடத்தில் போய்ப் பார்க்கலாம் என்றதும் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

காற்று முடிந்த இடத்தில் மழை

போடிநாயக்கனூரை விட்டுக் கிளம்பும்போது மழை இல்லை. ஆடிக் காற்றுதான். புளியமரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடின. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மலைச்சாலை ஆரம்பம். இது முன்பு கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையாக இருந்த சாலையின் ஒரு பகுதி. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழி வரை புதர்க்காடும் பாறையுமாக வறண்டு கிடக்கிறது. புலியூத்து அருவிப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் தட்டுகிறது. கடைசி வளைவுகளில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டுமே தெரிகிறது. சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டில் இறங்கியபோது மூடுபனி, சாரல், பல் கிட்டும் குளிர். சுக்குக் காப்பிக்காகக் கைகள் தாமாகவே நீண்டன.

இதன் காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து, கேரளப் பக்கத்துச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது பெரும்பாலும் வெறும் காற்றுதான். ஒரே மலையின் ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் புழுதி. முகட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒருசேரத் தெரியும்.

நமக்கு முன்னே போன சரக்கு

இந்த மலைக்கும் நம் ஊர்களுக்கும் உள்ள வியாபாரத் தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலைப் பெட்டிகள் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்கு அருகே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடி, அதன்பின் தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து சீமை. 1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. கேரளத்தவர் அதைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் '99ஆம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ரயில் மீண்டும் போடப்படவே இல்லை.

மதுரை–போடி ரயில் 1928இல் வந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் மாதம்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. ஒரு மழை ஒரு வியாபாரப் பாதையையே மாற்றிவிடும் என்பதற்கு இந்த மலை சாட்சி.

தரையில் காய்க்கும் பயிர்

போடிமெட்டிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை வழியாக உடும்பன்சோலை நோக்கிப் போகும் சாலையின் இரு பக்கமும் ஏலத்தோட்டங்கள். பலாவும் மற்றக் காட்டு மரங்களும் உயர்ந்து நின்று நிழல் தர, அதன் கீழே ஆள் உயரத்துக்கும் மேலாக ஏலச்செடி. எங்களில் ஐந்து பேர் காயைச் செடியின் உச்சியில் தேடினார்கள். காய் அங்கே இல்லை. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்கிறது. அதில்தான் பூவும் பிஞ்சும் காயும் இருக்கின்றன. தேனீ வந்தால்தான் பூ காயாகும். விடாத மழையில் தேனீ வெளியே வராது. அதனால் மழை இல்லாவிட்டாலும் நஷ்டம், மழை விடாவிட்டாலும் நஷ்டம்.

எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. உள்ளே விதை கறுத்து, காய் பழுத்து வெடிப்பதற்கு முன் உள்ள பக்குவத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் எடுத்து முடித்தால், மறுபடி நாற்பது நாள் அளவில் அடுத்த சுற்று. ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை இப்படியே போகும். ஏலக்காய் வணிக ஆண்டை ஆகஸ்டு முதல் ஜூலை வரை என்று கணக்கிடுவதும் இதனால்தான்.

காய் எடுப்பவர்கள் பெண்கள். தலையில் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் கூடை. ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, சரத்தைத் தூக்கிப் பார்த்து எடுக்கிறார்கள். காலில் அட்டை ஏறாமல் இருக்க உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்கிறார்கள். இரண்டுமே நம் கடைச் சரக்கு. இவர்களில் பெரும்பாலோர் தேனி மாவட்டத்துக்காரர்கள். விடியும் முன்னே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப் ஏறி, மாலையில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் சிலர்.

அங்கே நடந்த ஒரு பேச்சை அப்படியே எழுதுகிறோம். எங்களோடு வந்த போடி நண்பரைப் பார்த்ததும் ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க எங்க இம்புட்டுத் தூரம்? போன வாரம் மூணு நாளு மழையில வேலையே விடல. அதான் பாக்கி நின்னுபோச்சு. வர்ற சனிக்கெழம கொண்டாந்து தந்துருவேன்."

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாக்கி கேக்கவா தாயி நான் மலையேறி வந்தேன்? ஊரு பாக்க வந்தோம். நீங்க உக்காந்து வேலையப் பாருங்க" என்றார்.

வாகனத்தில் ஏறிய பிறகு அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் பற்று நோட்டுல இந்த மாதிரி நாற்பது வீடு இருக்கு. ஆடியில பாக்கி ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா, அட்டைக்கடியில உக்காந்து காய் எடுத்துதான் அந்தப் பாக்கி வருதுன்னு இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

இதில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மலையில் மூன்று நாள் தொடர்ந்து கொட்டினால் கூலி நிற்கிறது. கூலி நின்றால் அரிசியும் பருப்பும் கடனில் போகிறது. அந்தப் பாக்கி ஏமாற்றுக் கணக்கு அல்ல, மழைக் கணக்கு. கம்பம், போடி, தேவாரம் பக்கத்து வணிகர்கள் ஆடி, ஆவணியில் தங்கள் கையிருப்பில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கிவைத்துக்கொண்டால், மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாது, வாடிக்கையாளர் முன் முகம் கடுக்கவும் வேண்டாம்.

ஐந்து கிலோ ஒரு கிலோ ஆகும் இடம்

காயை உலர்த்தும் கட்டடத்தை அந்தப் பக்கத்தில் 'ஸ்டோர்' என்கிறார்கள். வாசலில் கால் வைத்ததுமே வாசனை மூக்கைத் துளைக்கிறது. பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறைக்குள் அடுக்குகிறார்கள். சூடான காற்று உள்ளே போக வழி, ஈரக்காற்று வெளியேற வழி. 18 மணி முதல் 24 மணி நேரம் வரை உலர வேண்டும், மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். சூடு கூடினால் காய் வெளிறி வெடிக்கும். குறைந்தால் நிறம் மங்கிப் பூசணம் பிடிக்கும். உலர்ந்ததும் சூடு ஆறுமுன் வலையில் தேய்த்துக் காம்பை நீக்கிச் சல்லடையில் ரகம் பிரிக்கிறார்கள்.

ஐந்து கிலோ பச்சைக் காயிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய்தான் கிடைக்கிறது. எடுப்புக் கூலி, விறகு, கரண்ட், மழைக்கு முன்னே அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை என எல்லாச் செலவும் அந்த ஒரு கிலோவின் தலையில். ஏலக்காய் விலையைச் சொன்னதும் வாடிக்கையாளர் மலைத்து நிற்கும்போது, நாம் இனி இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

விலை எங்கே ஏறுகிறது

ஏலக்காய் ஏலம் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று இடுக்கி மாவட்டத்துப் புற்றடி, மற்றது நமது போடிநாயக்கனூர். 2007 முதல் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. அதற்கு முன்பு வாய்விட்டுக் கேட்கும் ஏலம்தான். மாதிரியைக் கையில் பார்த்து, முழங்கைக்கு முன்னால் உள்ள பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள்.

விலை எப்படி ஆடும் என்பதற்குப் பழைய உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. செடிகள் அழுகின. 2019 கோடையில் வறட்சி. வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று மூட்டை கட்டி வைத்தவர்கள் உண்டு. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பிறகு 2024 கோடை வெயிலில் இடுக்கியில் பல தோட்டங்கள் காய்ந்தன, விலை மறுபடி ஏறியது.

ஆகவே சில்லறைக் கடைக்காரர் ஏலக்காயில் யூக வியாபாரம் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு மாதத்துக்கு விற்கும் அளவு கொள்முதல் செய்தால் போதும். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். மலையின் மழையை முன்கூட்டி அறிந்து லாபம் பார்த்தவரைவிட, அறிந்ததாக நினைத்து முதலை இழந்தவரே அதிகம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்டோரில் கேட்டதையும் எங்கள் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

1. அளவு மட்டும் பார்க்க வேண்டாம். எட்டு மில்லிமீட்டர் காய் கண்ணுக்கு அழகு. ஆனால் உள்ளே விதை நிறைந்திருக்கிறதா என்பதை 'லிட்டர் எடை' காட்டும். ஒரு லிட்டர் படியில் கொள்ளும் காய் எத்தனை கிராம் என்பதுதான் அது. எடை கூடினால் விதை நிறைவு.

2. நான்கு காயை உடைத்துப் பாருங்கள். விதை கறுப்பாக, லேசான பிசுபிசுப்போடு இருந்தால் நல்ல சரக்கு. வெளிறிய விதை என்றால் முற்றாமல் எடுத்த காய்.

3. கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் சந்தேகப்படுங்கள். ஈரப்பஞ்சில் தேயுங்கள். பச்சை ஒட்டினால் அந்தச் சரக்கு வேண்டாம். ஏலக்காய்க்குச் செயற்கைச் சாயம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். சாயம் போட்டவர் எங்கோ இருப்பார், அதிகாரி மாதிரி எடுப்பது நம் கடையில். வாங்கிய ரசீதை எப்போதும் பத்திரப்படுத்துங்கள்.

4. கையில் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டி, வாயில் போட்டால் மணமில்லை என்றால், எண்ணெய் எடுத்த சக்கைக் காய்க்கு மேல்பூச்சுப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

5. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். நிறமும் மணமும் போகும். கறுப்புப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, எடுக்க எடுக்க மூடுங்கள்.

6. தராசு முக்கியம். கணக்குக்காகக் கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம் பொட்டலம் ஒவ்வொன்றிலும் அரை கிராம் கூடப் போனால், ஒரு கிலோவில் 50 கிராம், அதாவது 150 ரூபாய் போய்விடும். நம் லாபமே பல நேரம் அவ்வளவுதான். அரை கிராம் குறைந்தால் வாடிக்கையாளருக்கு அநியாயம். சிறிய எடைக்கென்று தனி மின்தராசு வைத்து முத்திரை போட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மூடுபனியின் மறுபக்கம்

அழகை மட்டும் எழுதினால் முழு உண்மை ஆகாது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, இதே இடுக்கி மாவட்டத்தில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். நாம் குளிருக்காகவும் காட்சிக்காகவும் போகும் மழையில், அங்கே பிழைப்புக்காக இருப்பவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

ஆகவே மழைக்காலத்தில் செல்வோர் வானிலை அறிவிப்பைப் பார்த்தே கிளம்ப வேண்டும். இடுக்கிக்கோ தேனிக்கோ ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நிறுத்தப்படுவது மழைக்காலத்தில் புதிதல்ல. இருட்டிய பின் மலையேற வேண்டாம். பனி மூடினால் விளக்கைத் தாழ்த்தி மெதுவாகச் செல்லுங்கள். ஓரத்தில் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாம். வாடகை வாகனம் என்றால் கேரள அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இறங்கும் வழியில்

சனிக்கிழமை இரவு நெடுங்கண்டத்தில் தங்கினோம். இரவு முழுதும் தகரக் கூரையில் மழைச் சத்தம். பத்து மணிக்குப் படுத்தவர்கள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தோம். நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு ஓடும் காய்கறி, பலசரக்கு வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய சுகம் எது?

ஞாயிறன்று வண்டன்மேடு, புற்றடி, ஆனக்கரை வழியாகக் குமுளி வந்து, லோயர் கேம்ப் இறங்கினோம். அங்கே பென்னிகுவிக் மணிமண்டபம். 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை, கேரளப் பக்கம் பெய்யும் மழையைத் தேக்கி, சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்புகிறது. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போக நெல் விளைகிறது. மீதி வைகை வழியாக மதுரை வரை வருகிறது. கீழே காற்றுதான் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நாற்று நட்ட வயலைப் பார்த்தபோது, புரட்டாசி, ஐப்பசி வியாபாரம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவர் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வியாபாரி எங்கே போனாலும் வியாபாரிதான்.

நெல் வயலுக்குத் தண்ணீர், தோட்டத்துக் கூலி, ஏலக்காய் வரத்து, பற்று நோட்டின் பாக்கி, இவை நான்கும் ஒரே மழையிலிருந்து வருகின்றன. கடையில் உட்கார்ந்தபடி இவற்றைத் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அடுத்த ஆடியில் மற்ற நண்பர்களும் இப்படிச் சென்று வரலாம். ஒரே தெருவிலுள்ள கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பிவிடாமல் பாதிப் பாதியாகப் பிரிந்து சென்றால் வாடிக்கையாளருக்கும் சிரமமில்லை. வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். கல்லாவில் நமக்கு இணையாக உழைக்கும் அவர்களுக்கு இரண்டு நாள் அடுப்படியிலிருந்தும் விடுதலை கிடைக்கட்டும். குடை, கம்பளி, மாற்றுத்துணி, காய்ச்சல் மாத்திரை, அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு, இவை போதும். கிளம்பும் முன் கடை வாசலில் 'திங்கள் காலை திறக்கப்படும்' என்று அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். திங்களன்று எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட வேறு கடைக்குப் போய்விடவில்லை.